கெப்புக்கு டயர் போடப் போறவங்க இதை வாசிச்சிட்டுப் போங்க

நாங்க இருக்கிறது பொகவந்தலாவைக்கு மேல. கடைசி ரெண்டு மைல் கல்லு ரோடு, மழை பேஞ்சா சேறு, மத்தபடி ஹட்டன், கினிகத்தேனை, கண்டி வரைக்கும் தார் ரோடு தான். அம்மாவுக்கு இடுப்புல ஒபரேஷன் செஞ்சிருக்கு, மாசா மாசம் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும். அதனால கடையில தெளிவாவே கேட்டேன், "அண்ணே கல்லுக்கும் தாங்கணும், வண்டியும் குலுங்கக் கூடாது, சாதா ஏ.டி டயரா குடுங்க"ன்னு. ஏ.டின்னா தார் ரோடு, கல்லு ரோடு ரெண்டுக்கும் போடுற டயர்.

"புது ஸ்டொக் தம்பி, மெத்தை மாதிரி போகும்"னு சொல்லி நாலையும் மாட்டி 2 லட்சத்து 80 ஆயிரம் வாங்கிட்டாங்க. மாட்டுற நேரம் நான் அம்மாவுக்கு டீ வாங்கப் போயிட்டேன். பில்லுல 265/65 ஆர் 17, நாலு, அவ்வளவு தான் எழுதியிருந்துச்சு.

திரும்பி வர்ற வழியிலயே தெரிஞ்சிருச்சு. தார் ரோட்டுல ஊளை மாதிரி சத்தம், சின்னக் குழி வந்தாலும் டங்குன்னு இடுப்புல அடிக்குது, அம்மா ரெண்டு கையாலயும் மேல உள்ள கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு பேச்சே இல்லாம வருது, வட்டவளை கிட்ட வந்தோன்ன "தம்பி கொஞ்சம் நிப்பாட்டுய்யா"ன்னு சொல்லிச்சு, எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு.

மறுநாள் எங்க ஊருல டயர் வேலை செய்யிற பாஸ் ஜாக் போட்டு டோர்ச் அடிச்சுப் பாத்தாரு. சைஸுக்கு முன்னுக்கு எல்.டி (லைட் ட்ரக்), பக்கத்துல 10 பிளை (டயர் எவ்வளவு பலம்னு காட்டுற கணக்கு), எவ்வளவு பாரம் தாங்கும்னு காட்டுற லோட் நம்பர் 120/117. பாரம் ஏத்துற வண்டிக்குப் போடுற டயர், சைட்வால் அவ்வளவு கட்டி. எங்க வண்டியோட வந்த டயர்ல 112 தான். டயர் எப்ப செஞ்சதுன்னு காட்டுற, டி.ஓ.டி நம்பரோட கடைசி நாலு இலக்கம் ஒரு பக்கத்துல மட்டும் தான் இருக்கும், அந்தப் பக்கத்த நாலுலயும் உள்ளுக்குத் திருப்பி மாட்டியிருக்காங்க. பாஸ் கறுப்புப் பொலிஷ விரலால துடைச்சுக் காட்டினாரு, 2717. அப்படின்னா 2017ஆம் வருஷம் 27ஆவது வாரம் செஞ்சது. இவ்வளவு வருஷம் கிடந்த ரப்பர் இறுகித்தான் போயிருக்கும், நம்ம ஊரு மழையில பிரேக் புடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைக்குப் போன் பண்ணா "காத்தைக் குறைங்க, சரியாகும்"னாங்க. 45 பி.எஸ்.ஐ காத்து அடிச்சிருந்தத பாஸ் கொஞ்சம் குறைச்சாரு, ரொம்பக் குறைச்சா டயர் சூடாகி வெடிக்கும்னு அதோட விட்டுட்டாரு. குலுக்கம் கொஞ்சம் கொறஞ்சுச்சு, சத்தம் அப்படியே தான்.

தயவு செஞ்சு மாட்டுறதுக்கு முந்தி ரெண்டு பக்கமும் உருட்டிப் பாருங்க, தினமும் பாரம் ஏத்தலன்னா எல்.டி வேணாம், அந்த நாலு இலக்கத்தையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா வெளிய வந்துருங்க. நான் போட்டோ எல்லாம் எடுத்து 1977க்கு அடிச்சு நுகர்வோர் அதிகார சபையில முறைப்பாடு குடுத்திருக்கேன். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. அம்மா பஸ்லயே போறேன்னு சொல்லுது.