புது ஸ்டார்ட்டருக்குக் காசு, பழசுக்குப் பெயின்ட்

திருகோணமலையில் சின்ன பெட்ரோல் பம்ப், புல்லு வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்.

உப்புவெளியில் எங்கள் தோட்டத்துக்கு இறைக்கும் பம்பின் ஸ்டார்ட்டர் கயிறு இழுத்தால் வந்தது, திரும்ப உள்ளே போகவில்லை. உள்ளே சுருண்டிருக்கும் தட்டை ஸ்பிரிங்கின் கொக்கி உடைந்தால் இப்படித்தான் ஆகும். கச்சான் காற்று அடிக்கும் நேரம், தண்ணீர் விடாவிட்டால் கத்தரி தலையைத் தொங்கப்போட்டுவிடும். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஸ்பிரிங் தனியா வராது அண்ணை, முழு செட்டும் மாத்தோணும்" என்றார் அங்கிருந்த தம்பி. சரி, மாற்றுங்கள் என்றேன். எடுக்கப் போனபோது பழைய சாமானைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். பில் கேட்டதற்கு ஒரு துண்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார்.

கொஞ்ச நாளில் அதே கோளாறு. 10ஆம் நம்பர் ஸ்பானரால் கழற்றிப் பார்த்தேன். மூடியின் வெளிப்பக்கம் பளபளவென்று சிவப்பு. உள்பக்கம் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. முன்பு கயிறு மாற்றும்போது என் ஸ்குரூட்ரைவர் வழுக்கிப் போட்ட கீறலும் அப்படியே இருந்தது. ஸ்பிரிங்கின் நுனி நீலம் பாய்ந்திருந்தது: உடைந்த இடத்தைச் சூடாக்கி மறுபடி கொக்கியாக மடித்திருக்கிறார்கள். சூடு கூடி உருக்கின் விறைப்பு போனதால், இழுக்க இழுக்கக் கொக்கி விரிந்துவிட்டது.

சூடாக்கி மடிப்பதை நான் குறை சொல்லவில்லை, பக்குவமாகச் செய்தால் அது நல்ல வேலை. அதற்குரிய கூலியைக் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். பெயின்ட் அடித்துவிட்டுப் புதுச் சாமானின் விலையை வாங்கியது களவு. திரும்பப் போய்க் காட்டினால், "சைனா சாமான், வாரன்டி இல்லை" என்று அடுத்த ஆளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். இன்னொரு கடையில் ஸ்பிரிங் தனியாகவே கிடைத்தது, அதுவும் மலிவாக.

கொடுக்கும்போது மூடியின் உள்பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பழைய சாமான் கைக்கு வந்த பிறகு காசைக் கொடுங்கள். நீங்களே கழற்றுவதென்றால் கையுறை போடுங்கள், அந்த ஸ்பிரிங் துள்ளினால் கையைக் கிழிக்கும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் அது இருக்கிறது. தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.