ரிசீவருடன் தனி பவர் ஆம்ப்: டெனான் எக்ஸ்3800எச், என்ஏடி சி 298 கூட்டணி குறித்து

ஹோம் தியேட்டரின் ஆம்ப்ளிஃபயரை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது வாட் கணக்கைத்தான். அதை மட்டும் நம்பினால், ஒலியைச் சேனல்களாகப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் ரிசீவருடன், முன் ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் இயக்க என்ஏடி சி 298 பவர் ஆம்ப்பைச் சேர்ப்பதற்கு வலுவான காரணம் எதுவும் கிடைக்காது. 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு ரிசீவர் ஒரு சேனலுக்கு 105 வாட்டும், சி 298 அதே 8 ஓமுக்கு 185 வாட்டும் தருவதாகத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். காகிதத்தில் பெரிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் ஒலியளவில் சுமார் இரண்டரை டெசிபல்தான். சத்தம் இருமடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவைப்படும். எனவே சத்தம் போதவில்லை என்ற ஒரே குறைக்காக ஆம்ப் மாற்றப் புறப்படுபவர், சென்சிட்டிவிட்டி கூடிய, அதாவது அதே வாட்டில் அதிகச் சத்தம் தரும், ஸ்பீக்கர்களைத் தேடுவது மேல்.

அப்படியானால் இந்தக் கூட்டணி எதற்கு என்று கேட்கலாம். ரிசீவரின் 105 வாட் என்பது இரண்டு சேனல்கள் மட்டும் இயங்கும்போது அளந்த கணக்கு. ஒன்பது சேனல்களும் ஒரே பவர் சப்ளையையும் ஒரே பெட்டிக்குள் அடங்கும் வெப்பத்தையும் பங்கிட்டுக்கொள்வதால், படத்தின் உச்சக் காட்சியில் எல்லாச் சேனல்களும் ஒருசேரக் கேட்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஸ்பீக்கரும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. பின்புறத்தில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும் ஸ்பீக்கரே சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவது உண்டு; தாழ்வான பேஸ் பகுதியில் அப்படி இறங்கும்போது அதே வோல்டேஜில் இருமடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். சி 298 இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது: 4 ஓமுக்கு 340 வாட், அதாவது 8 ஓமுக்குத் தருவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. ஆம்ப் வாங்குபவர் விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது இந்த 4 ஓம் கணக்கைத்தான். அதைக் குறிப்பிடாமல் 8 ஓமுக்கோ 6 ஓமுக்கோ ஒற்றை எண்ணை மட்டும் தரும் கருவியைச் சற்றுச் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

சி 298 கிளாஸ் டி வகை; மின்சாரத்தை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டு, குறைந்த சூட்டில் ஒலியைப் பெருக்கும் முறை அது. கிளாஸ் டி என்றாலே முகம் சுளிக்கும் பழைய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஐயம் காரணமில்லாததும் இல்லை. முந்தைய தலைமுறை கிளாஸ் டி ஆம்ப்களில் வெளியீட்டு ஃபில்டர் ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும்) வட்டத்துக்கு வெளியே இருந்ததால், இணைக்கும் ஸ்பீக்கரின் ஓம் மாறும்போது உயர் அதிர்வெண்களின் அளவும் மாறியது. ஒரே ஆம்ப் ஒரு வீட்டில் மந்தமாகவும் இன்னொரு வீட்டில் கூர்மையாகவும் கேட்டது அதனால்தான். சி 298 பயன்படுத்தும், டென்மார்க்கின் ப்யூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் சுற்று, ஃபில்டருக்குப் பிறகிருந்தே ஃபீட்பேக்கை எடுப்பதால், எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஒலியின் சமன் மாறுவதில்லை. ரோட்டெல் ஆர்பி-1582 எம்கே2 போன்ற 200 வாட் தரும், மரபான கிளாஸ் ஏபி வகை ஆம்ப்பும் இந்த வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் அதன் எடையையும், பாடல் ஓடாத நேரத்திலும் அது வெளிவிடும் சூட்டையும் தாங்கும் அலமாரி வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டியவர்களுக்கு நான் தயங்காமல் கிளாஸ் டியையே சொல்வேன்.

கேட்பனுபவத்தில் வித்தியாசம் தெரிவது தாழ்ந்த ஒலியளவிலும் உச்சத்திலும்தான். நடுவில் ரிசீவரின் ஆம்ப்பையும் சி 298ஐயும் பிரித்தறிவது கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் ஒலியைக் குறைத்து வைத்து மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கேட்டபோது, தொப்பியில் விழும் கும்காரம் எழுந்து, வளைந்து, அடங்கும் வரை முழுமையாகத் தொடர முடிந்தது. உயர் ஒலிகளுக்கான ட்வீட்டரில் காதை வைத்தாலொழிய இரைச்சல் கேட்கவில்லை. படங்களில், வெடிச்சத்தத்தின் நடுவே பின்னணி வயலின்கள் கரகரப்பாக மாறாமல் தம் இடத்திலேயே நின்றன. வசனம் மட்டும் முன்பிருந்தபடியே இருந்தது. சென்டர் ஸ்பீக்கர் இன்னும் ரிசீவரின் பொறுப்பில் இருப்பதால் அதில் வியப்பில்லை.

இசைக்கே முதலிடம் தருபவர்கள், ஹோம் தியேட்டர் பைபாஸ் வசதி (படம் பார்க்கும்போது ரிசீவரின் சிக்னலை அப்படியே பெருக்கும் வழி) கொண்ட இன்டக்ரேட்டட் ஆம்ப் (ஒலியளவுக் கட்டுப்பாடும் சேர்ந்த ஆம்ப்) ஒன்றை வாங்கி, பாட்டு கேட்கும்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம் என்று பலரும் ஆலோசனை சொல்வதுண்டு. கேட்க அழகான யோசனைதான். ஆனால் ரிசீவரை விலக்கும்போது, அதனுள் இருக்கும் மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து சரிசெய்யும் ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி32 அறைத் திருத்தமும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் வேலையும் சேர்ந்தே விலகிவிடும். அறையின் சுவர்கள் பேஸில் உண்டாக்கும் மேடுபள்ளம் 10 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நல்ல ஆம்ப்களுக்கிடையே உள்ள வேறுபாடு அதன் பக்கத்தில்கூட வராது. பெரிய ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கர்களும், ஒலி அதிகம் எதிரொலிக்காத அறையும் உள்ளவர்களுக்கே அந்த வழி பொருந்தும்.

இணைக்கும் வேலை எளிது. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. எக்ஸ்3800எச்சின் பிரீ-அவுட்கள் (பெருக்குவதற்கு முந்தைய சிக்னலை வெளி ஆம்ப்புக்குத் தரும் இணைப்புகள்) ஆர்சிஏ மட்டுமே என்பதால், சி 298இன் எக்ஸ்எல்ஆர் இன்புட்டுகளால் இங்கு பயனில்லை; இடையில் அடாப்டர் போட்டால் அது பேலன்ஸ்டு (வழியில் சேரும் இரைச்சலை நீக்கும்) இணைப்பாகிவிடாது. ரிசீவரின் மெனுவில் முன் சேனல்களைப் பிரீ-ஆம்ப் முறைக்கு மாற்றி, உள்ளிருக்கும் ஆம்ப்பைத் துண்டித்துவிட வேண்டும். இந்த வசதி எல்லா ரிசீவர்களிலும் இருப்பதில்லை என்பதே இந்த மாடலைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இரண்டு கருவிகளுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கிரவுண்ட் லூப்பால் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வதால்) வரும் ‘ம்ம்’ என்ற ஹம் பெரும்பாலும் தலைகாட்டாது. வந்தால், ரிசீவருடன் இணைந்த டிவியிலோ செட்-டாப் பாக்ஸிலோ மாட்டியிருக்கும் கேபிள் டிவி வயரை முதலில் கழற்றிப் பார்க்கவும். புதிய ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பழையதிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால் ஆடிஸி அளவீட்டை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் முன் ஸ்பீக்கர்கள் மற்றவற்றை அமுக்கிவிடக்கூடும், அதையே ‘புது ஆம்ப்பின் தெளிவு’ என்று நினைத்து மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

சிறிய அறையில், சென்சிட்டிவிட்டி 90 டெசிபலுக்கு மேலுள்ள ஸ்பீக்கர்களை 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரில் சப்வூஃபருடன் கேட்பவருக்கு இந்த ஆம்ப் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது சப்வூஃபர் வாங்கினால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது குறையும். அதற்கான தனித்தனி அவுட்கள் எக்ஸ்3800எச்சில் நான்கு இருக்கின்றன.