சூப்பர் விசாவில் கனடா வாழ்க்கை: விசா, பென்ஷன், காப்பீடு குறித்த நீண்ட கால அனுபவம்

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நானும் என் மனைவியும், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மகள் குடும்பத்தோடு சில ஆண்டுகளாகச் சூப்பர் விசாவில் தங்கி வருகிறோம். பிள்ளைகளோடு நெடுநாள் இருக்க விரும்பும் ஓய்வூதியர்களில் பலர் விசா கிடைப்பதையே பெரிய காரியமாக எண்ணுகிறார்கள். அது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. விசா, பென்ஷன், காப்பீடு ஆகிய மூன்றில் விசாதான் எளிது. பென்ஷன் ஆண்டுக்கு ஒருமுறை கவனம் கேட்கும். காப்பீட்டுப் பாலிசியோ வரிக்கு வரி படித்து, மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டிய ஒன்று. இந்த மூன்றையும் நடத்துபவர்கள் இரண்டு நாடுகளில் தனித்தனியாக இருப்பதால், ஒன்றில் ஏற்படும் மாற்றம் மற்றொன்றைப் பாதிக்குமா என்று நமக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வேலையை நாமேதான் செய்தாக வேண்டும்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகள் வழியாகத் தாத்தா பாட்டிகளுக்கும் என்று 2011 டிசம்பரில் தொடங்கப்பட்டது சூப்பர் விசா. பத்து ஆண்டுகள் வரை பலமுறை வந்துபோகலாம். தொடக்கத்தில் ஒரு வருகைக்கு இரண்டு ஆண்டுகள்தான் தங்க முடியும் என்றிருந்தது. 2022 ஜூலை 4 முதல் அது ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். பிள்ளையின் அழைப்புக் கடிதம், குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வருமானச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் செய்யும் உடற்பரிசோதனை, மருத்துவக் காப்பீடு ஆகியவை இருந்தால் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கும் ஸ்பான்சர் திட்டத்தில் விருப்பப் படிவங்கள் கடைசியாக 2020இல் பெறப்பட்டன. விண்ணப்பிக்கச் சொல்லிப் பின்னர் வந்த அழைப்புகளும் அப்போது படிவம் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்தே சென்றன. ஆகவே இன்று பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைக்கு எட்டும் வழி சூப்பர் விசாதான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா நுழைவதற்கான அனுமதி. எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை முடிவு செய்பவர் விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரி. சாதாரணப் பார்வையாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம் என்பதால், நாம் சூப்பர் விசாவில் வருகிறோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் ஒவ்வொரு முறையும் அழைப்புக் கடிதம், காப்பீட்டுச் சான்று இரண்டையும் தாளில் அச்சிட்டு ஒரே கோப்பில் வைத்துக் கைப்பையில் எடுத்து வருகிறோம். தானியங்கி இயந்திரத்தில் பதிந்துவிட்டு வெளியேறிவிடாமல், அதிகாரியிடம் பணிவாகக் கேட்டு, தங்கும் காலம் எழுதிய முத்திரையைக் கடவுச்சீட்டில் பெற்றுக்கொள்கிறோம். கடவுச்சீட்டு எந்த நாளில் காலாவதியாகிறதோ அந்த நாளைத் தாண்டித் தங்கும் அனுமதி கிடைக்காது. எனவே இன்னும் ஓரிரு ஆண்டுகளே மிச்சமுள்ள கடவுச்சீட்டுடன் வருவதைவிட, சென்னையிலேயே அதைப் புதுப்பித்துவிட்டு வருவது மிகவும் மேல்.

காப்பீட்டின் அடிப்படை நிபந்தனை எளிமையானது. ஒருவருக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் அளவுக்கு மருத்துவச் செலவு, மருத்துவமனை அனுமதி, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றை ஏற்கும் பாலிசி, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பிரீமியம் இவ்வளவு ஆகும் என்று நிறுவனம் தரும் மதிப்பீட்டுத் தாள் போதாது. பணம் கட்டிய பாலிசி வேண்டும், தவணை முறையும் ஏற்கப்படும். முன்பு கனடிய நிறுவனங்களின் பாலிசி மட்டுமே செல்லும். 2025 ஜனவரியிலிருந்து, கனடாவின் நிதி மேற்பார்வை அமைப்பு அனுமதித்த வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசிகளும் ஏற்கப்படுகின்றன. சூப்பர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்டாரியோ மாநில அரசின் இலவச மருத்துவத் திட்டம் பொருந்தாது. மருத்துவமனையில் ஒரு நாள் படுத்தாலே ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும் நாட்டில், விசாவுக்காகக் காட்டும் ஒரு தாள் என்று பாலிசியைக் கருதுவது பெரும் ஆபத்து.

எங்களுக்குப் பாலிசி எடுத்துக் கொடுத்த முகவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். நான் நான்கு நிறுவனங்களின் பிரீமியத்தை ஒப்பிட்டு எழுதிய தாளை அவர் ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, விலையைப் பிறகு பாப்பம். முதல்ல அம்மாவின்ர மருந்துச் சீட்டைத் தாங்கோ, எத்தனை நாளா ஒரே அளவிலை எடுக்கிறா எண்டு சொல்லுங்கோ" என்றார். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஆலோசனை அதுதான்.

ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், அந்த நோய் பாலிசி தொடங்கும் நாளுக்கு முன் குறிப்பிட்ட காலம் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளே இருக்கும். அந்தக் காலம் பாலிசிக்குப் பாலிசி 90 நாள், 180 நாள் என்று மாறும். நிலையாக இருப்பது என்றால் உடல் நன்றாக இருப்பது என்று நாம் நினைப்போம். பாலிசியின் கணக்கில், புதிய அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது, புதிய மருந்து சேர்ந்திருக்கக் கூடாது, முடிவு வராத பரிசோதனை நிலுவையில் இருக்கக் கூடாது, மருந்தின் அளவும் மாறியிருக்கக் கூடாது. அளவு கூடுவது மட்டும் மாற்றம் அல்ல, குறைந்தாலும் மாற்றம்தான். என் மனைவிக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டதால், ஒருமுறை ஊரில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த ஒரு மாற்றத்தால், பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போட்டுப் பாலிசியின் தொடக்க நாளையும் நகர்த்த வேண்டி வந்தது. உடல் தேறியதற்காக ஒருவர் காப்பீட்டை இழக்கும் இந்த விதி எனக்கு இன்னமும் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான் என்பதால், பயணத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பரிசோதனைகளை முடித்து, மருந்தை ஒரே அளவில் வைத்திருக்க முடியுமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறோம். மருத்துவ ரீதியாக மாற்றம் தேவை என்று அவர் சொன்னால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, பயணத்தையே தள்ளிப்போட வேண்டும். காப்பீட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது கூடாது.

இரண்டாவது ஆண்டுப் பாலிசியில் இந்த விதி வேறு முகம் காட்டும். குளிர்காலத்தில் ஓர் இரவு மனைவிக்கு நெஞ்சில் அழுத்தம் ஏற்பட்டு 911ஐ அழைத்தோம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மகள் பாலிசி அட்டையில் உள்ள உதவி எண்ணுக்கு அழைத்துக் கோப்பு எண் வாங்கினாள். அனுமதிக்கப்பட்ட உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் ஏற்கும் தொகையைக் குறைக்கும் பாலிசிகள் உண்டு. அவசர சிகிச்சைக்கான தொகையை நிறுவனம் ஏற்றது. ஆனால் நிலைமை சீரடைந்தது என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்த பிறகு, தொடர் பரிசோதனைக்காக இதய மருத்துவரைப் பார்த்த செலவை ஏற்க மறுத்துவிட்டது. பாலிசி வாசகப்படி அது சரிதான்: இவை அவசர மருத்துவப் பாலிசிகள், வழக்கமான பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இவற்றில் அடங்குவதில்லை. அடுத்த ஆண்டுப் பாலிசி தொடங்கிய நாளில், முந்தைய பாலிசி ஏற்றுக்கொண்ட அந்த இதயக் கோளாறே ஏற்கெனவே உள்ள நோயாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த மருந்துகளால் நிலைத்தன்மைக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் இதயம் தொடர்பாக என்ன நேர்ந்தாலும் செலவு எங்களுடையது என்பதை மகளும் மருமகனும் நாங்களும் உட்கார்ந்து பேசி, மனைவி ஊரில் தன் மருத்துவரிடம் அந்த மாதங்களைக் கழிப்பது என்று முடிவு செய்தோம். சூப்பர் விசா ஐந்து ஆண்டு தங்க அனுமதிக்கிறது என்பதற்காக ஐந்து ஆண்டும் தங்கியாக வேண்டியதில்லை.

காப்பீட்டு நிறுவனத்திடம் செலவைத் திரும்பக் கேட்கும் சிறு கோரிக்கைகளைப் (கிளெய்ம்) பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்கூட்டியே ஊர் திரும்பினால், மிச்ச மாதங்களுக்கான பிரீமியத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. ஆனால் ஏதேனும் கோரிக்கை வைத்திருந்தால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். தொண்டை வலிக்கு, முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய ‘வாக்-இன்’ கிளினிக்கில் கட்டிய தொகையை நாங்கள் கோரியதில்லை. அதே காரணத்தால், நாம் முதலில் ஏற்கும் டிடக்டிபிள் தொகையைச் சற்று உயர்த்தி வைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்வது எங்களுக்குப் பொருந்தியது. சிகிச்சைக்குத் தேவையான மருந்துகளில் 90 நாள்களுக்கு உட்பட்ட அளவை, மருந்துக்கடை லேபிளும் சீட்டும் சேர்த்து நம்மோடு கொண்டுவரலாம். அதற்கு மேல் தங்குபவர்கள் இங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கத்தான் வேண்டும். அப்போது மருந்தின் பெயர் மாறினாலும் மூலக்கூறும் அளவும் மாறாமல் இருக்கின்றனவா என்று மருந்தாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது பின்னால் உதவும்.

பென்ஷன் விஷயத்தில் நவம்பர் மாதம்தான் எல்லாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் அந்த மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரக அதிகாரியிடமோ நோட்டரியிடமோ கையெழுத்து வாங்கி வங்கிக்கு அனுப்பும் வழி நெடுங்காலமாக இருக்கிறது. டொரண்டோ துணைத் தூதரகம் ஒவ்வோர் ஆண்டும் கோயில்களிலும் சமூகக் கூடங்களிலும் இதற்காக முகாம் நடத்திவந்தது. 2024 நவம்பர் 3 அன்று பிராம்ப்டன் இந்து சபா கோயிலில் நடந்த முகாமின்போது வன்முறை ஏற்பட்டு, அதன்பின் பாதுகாப்புக் காரணம் காட்டிச் சில முகாம்கள் ரத்து செய்யப்பட்டன. எங்கள் வட்டாரத்து ஓய்வூதியர்கள் பலர் அந்த மாதம் தவித்துப்போனார்கள். முகாமை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாங்கள் நம்புவது, உயிர்வாழ் சான்றிதழைக் கைபேசியிலேயே கொடுக்க உதவும் இந்திய அரசின் ஜீவன் பிரமாண் செயலியை. 2014 நவம்பரில் கைரேகைக் கருவியோடு தொடங்கிய இந்தச் சேவையில், 2021இல் முகம் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தது. ஆதார் முகப்பதிவுச் செயலியையும் சேர்த்து நிறுவிக்கொண்டு, பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை உள்ளிட்டால் போதும். நவம்பரில் இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அறை விளக்கில் என் கண்ணாடி பளபளத்து முகம் பதியாமல் போகும். எனவே முற்பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, பின்னால் வெறும் சுவர் இருக்குமாறு கைபேசியைப் பிடித்து, செயலி சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சான்று எண் குறுஞ்செய்தியாக வரும். அதோடு விட்டுவிடாமல், வங்கி அதை ஏற்றுக்கொண்டதா என்று சில நாள் கழித்துப் பார்த்துவிட வேண்டும். ஸ்டேட் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய வீடியோ சான்று முறையும் நல்லதே. ஆனால் இந்தியாவில் வங்கி திறக்கும் காலை பத்து மணி நமக்கு முந்தைய இரவு பதினொன்றரை என்பதால், வயதானவர்களுக்கு அது தோதுப்படாது.

இவை எல்லாவற்றுக்கும் ஓடிபி வரும் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் வேறொருவருக்குப் போய்விட்டால், ஆதாரும் வங்கியும் ஒரே நாளில் கைநழுவிவிடும். எங்கள் இருவரின் எண்களுக்கும் ஊரில் உள்ள மகன் நீண்ட காலத் திட்டத்தில் பணம் கட்டிவிடுகிறான்.

நீண்ட காலம் தங்குபவர்கள் வங்கிக் கணக்கின் தகுதியையும் கவனிக்க வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பென்ஷன் அதில் தடையின்றி வரவாகும், அதிலிருந்து கனடாவுக்கு அனுப்பவும் முடியும். இழப்பு வட்டியில்தான். உள்நாட்டில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வங்கி வட்டிக்கு வரிப் பிடித்தம் இல்லை. என்ஆர்ஓ கணக்கிலோ முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்கிறார்கள், வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கியில் கொடுக்கும் படிவமும் செல்லாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேரவும் முடியாது. கனடாவில் ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ தங்கினால், அங்கும் வரிக்கு உட்பட்டவராகக் கருதப்பட வாய்ப்பு உண்டு என்பதால், இரு நாட்டு வரி ஒப்பந்தம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுவது அவசியம்.

ஊரில் உள்ள மருத்துவக் காப்பீட்டை, இங்கே இருக்கிறோமே என்று நிறுத்திவிடக் கூடாது. மீண்டும் எடுத்தால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை புதிதாக ஓடத் தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கியிருப்பதால், தொடர்வது முன்னைவிடச் சற்று இலகுவாகவும் ஆகியிருக்கிறது. மனைவி அந்த மாதங்களை ஊரில் கழிக்க முடிந்ததே இந்தப் பாலிசி தொடர்ந்து உயிரோடு இருந்ததால்தான்.

பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பென்ஷன் கணக்கைத் துணைவரோடு கூட்டுக் கணக்காக வைத்திருந்தால், ஒருவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியத்தை அதே கணக்கில் பெறலாம். புதுக் கணக்கு திறக்க வங்கி வற்புறுத்தக் கூடாது என்பது விதி. பென்ஷன் உத்தரவில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும், நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்துத் திருத்திவிடுங்கள். உத்தரவின் நகல், கூட்டுக் கணக்கின் விவரம், காப்பீட்டின் உதவி எண், உடலைத் தாயகம் அனுப்பப் பாலிசி ஏற்கும் தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, எங்கள் மகளிடம் ஒன்றும் ஊரில் மகனிடம் ஒன்றும் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பாலிசி புதுப்பிப்பின்போதும் அந்தத் தாளைத் திருத்தி இருவருக்கும் அனுப்பிவிடுகிறேன்.