குன்னூர் ஈரத்தில் ஒரு வீட்டுப் படக் களஞ்சியம்: சினாலஜி டிஎஸ்224 பிளஸ்

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் வீட்டுச் சுவர்கள் வியர்க்கத் தொடங்கிவிடும். பீரோவில் மடித்து வைத்த பட்டிலும் கேமரா லென்ஸிலும் பூஞ்சை படரும். இப்படிப்பட்ட ஊரில் குடும்ப வீடியோக்களையும் திரைப்படங்களையும் சேமிக்க எதை வாங்குவது என்று தேடியபோது, நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியே பேசின. எங்கள் வீட்டில் அதை முடிவு செய்தவை ஈரமும் மின்தடையும்தான்.

முன்பு எங்களிடம் இருந்தது தொலைக்காட்சியின் பின்புறம் செருகிய கையடக்க வட்டு (ஹார்ட் டிஸ்க்) ஒன்றுதான். மழைக்கால இரவொன்றில் மின்கம்பி மேல் மரம் சாய்ந்து, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததில் அது நின்றுபோனது. பாட்டி பேசிய ஒரே பதிவும் அதோடு போயிற்று. அப்பா எடுத்த கேம்கார்டர் கேசட்டுகள் தகரப் பெட்டியில் உலர்ந்தபடி இருந்ததால் மற்றவற்றை மீட்டோம். ஒரு மணி நேர டிஜிட்டல் கேசட் கணினிக்கு வரும்போது சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். எங்களிடம் இருந்த 42 கேசட்டுகளுக்கு 550 ஜிபி ஆயிற்று. டிவிடிக்களையும் புகைப்படங்களையும் சேர்த்தால் 2 டிபிக்குச் சற்றுக் குறைவு என்பதால், வளர இடம் விட்டு 4 டிபி போதும் என முடிவு செய்தேன்.

வாங்கியது, வீட்டு வலையில் இணைந்து தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் படங்களைத் தரும், இரண்டு வட்டுகள் பொருத்தக்கூடிய சினாலஜி டிஎஸ்224 பிளஸ் பெட்டியும், சீகேட் ஐயன்வுல்ஃப் 4 டிபி வட்டுகள் இரண்டும். ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். ஆகவே விலை இரு வட்டுகளுக்கு, இடம் ஒரு வட்டுக்கு. வட்டு வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா, சிஎம்ஆர் வகையா என்று கட்டாயம் கேளுங்கள். தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே நிற்பது சிஎம்ஆர். ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்றே ஏறி நிற்பது எஸ்எம்ஆர். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்ற வேண்டியிருப்பதைப் போல, பழைய தரவை மாற்றி எழுதும்போது அது தடுமாறும். பழுதான வட்டுக்குப் பதில் புதியதை வைத்து மறுபிரதி எடுக்கும்போதுதான் இந்தத் தாமதம் உயிரை வாங்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில வட்டுகளில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020இல்தான் ஒப்புக்கொண்டது. இப்போது அந்நிறுவனத்தில் சிஎம்ஆர் வேண்டுவோர் ரெட் பிளஸ் என்று கேட்டு வாங்கலாம். ஐயன்வுல்ஃப் சிஎம்ஆர் வகையே.

மலை உயரம் வட்டைக் கெடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதுமுனை காற்றின் மெல்லிய படலத்தின் மேல் மிதப்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடும் வரம்பு 3,048 மீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அஞ்ச வேண்டியது ஈரத்துக்கு, அதிலும் நீர்த்துளியாகப் படியும் ஈரத்துக்கு. அதனால் வட்டுகள் உறங்கும் வசதியை அணைத்துவிட்டேன். அறை 15 டிகிரியில் இருக்கும்போதும் ஓடும் வட்டு 29 டிகிரியில் இருக்கிறது. அந்த வெதுவெதுப்பில் ஈரம் படிவதில்லை. இயங்கும்போது பெட்டி இழுப்பது ஏறக்குறைய 15 வாட் மட்டுமே. அதை மர அலமாரிக்குள் பூட்டாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் திறந்த தட்டில் வைத்திருக்கிறேன்.

படம் பார்ப்பதற்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. 4கே புளூ-ரே படத்துக்கு நொடிக்கு 128 மெகாபிட் வேண்டும் என்றாலும் அது 16 எம்பிதான்; சாதாரண வட்டு அதைப் பல மடங்கு தாண்டும். எனவே சுழலும் பாகமில்லாத, வேகம் கூடிய எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்தப் பயன்பாட்டுக்கு வீண் என்பேன். தடை வேறிடத்தில் இருக்கிறது: பல தொலைக்காட்சிகளின் வலைக் கேபிள் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது; எங்களுடையதைப் போன்ற பழைய கல் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாம் சுவரிலேயே தளர்ந்துவிடும். பழைய தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவங்களை இப்பெட்டியின் இன்டெல் ஜே4125 செயலி உடனுக்குடன் மாற்றித் தருகிறது. சேமித்த படங்களைப் பட்டியலிட்டு ஓட்டும் இலவச நிரலான ஜெல்லிஃபின்னை நிறுவினேன். அம்மாவே படத்தைத் தேடி எடுத்துப் பார்க்கிறார்.

குறைகளும் உண்டு. 2 ஜிபி நினைவகம் (ரேம்) போதவில்லை. கூடுதலாக ஒன்று செருகியபின்தான் சீராக ஓடியது. வலைத்துளைகள் இரண்டும் ஒரு கிகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. நான் வாங்கியபோது பெட்டியின் விலை, வட்டுகள் இரண்டின் விலையையும் சேர்த்தாலும் அதைத் தாண்டியது. கேசட்டுகளோ பழைய பதிவுகளோ இல்லாதவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

யுபிஎஸ் இல்லாமல் இதை மலையில் வாங்க வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரம் தருமே தவிர, தீரப்போகிறது என்று பெட்டிக்குச் சொல்லாது. யுஎஸ்பி கம்பியுள்ள யுபிஎஸ் சொல்லும், பெட்டியும் தானே முறையாக அணைந்துகொள்ளும்.

இரட்டை வட்டு இருந்தாலும், தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். ஆகவே மூன்றாவது பிரதியைத் தனி வட்டில் எடுத்து கோவையில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு இறங்கும்போதெல்லாம் அதை எடுத்து வந்து, அறையின் குளிருக்குப் பழகட்டும் என்று உறையைப் பிரிக்காமல் ஓரிரவு விட்டு, மறுநாள் புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.