மாலைப் பசிக்குச் சுண்டலா, மால்ட் பானமா?

கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் தாண்டியதும் நாலு மணிக்கே வயிறு கிள்ளும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடும்மா" என்பார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குக் கூடுதலாகச் சொல்வது நாளுக்குச் சுமார் 350 கலோரிதான். அதை எதில் செலவழிக்கிறோம் என்பதே கேள்வி.

செலவு: கொண்டைக்கடலை மலிவு. டப்பா பவுடர் கையைக் கடிக்கும்.

புரதம்: வெந்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம். மால்ட் பானத்தில் பெரும்பங்கு பாலிலிருந்தே வருகிறது. அப்போது வெறும் பாலே போதுமே!

சர்க்கரை: சுண்டலில் சேர்ப்பதில்லை. பல மால்ட் பவுடர்களில் நிறையவே இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

இரும்புச்சத்து: சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் கடலையின் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். டீ, காபியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சுலபம்: கடலையை முந்தைய இரவே ஊறப்போட வேண்டும். பானம் இரண்டே நிமிடம்.

எடை வேகமாக ஏறினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தாலோ சுண்டல்தான். குமட்டலால் எதுவும் இறங்காமல் எடை ஏறவில்லையா? சரி, அந்த நாட்களுக்குப் பானம் இருக்கட்டும். கடலை வாயுத் தொல்லை தந்தால் பாசிப்பயறுக்கு மாறுங்கள்.