யூனிட்டா, லிட்டரா? மின்சார காருக்கும் பெட்ரோல் காருக்கும் ஒரு செலவுக் கணக்கு

மின்சார கார் வாங்கியவரைக் கேட்டால் "செலவே இல்லை" என்பார். வாங்காதவரைக் கேட்டால் "பேட்டரி போச்சுன்னா மொத்தமும் போச்சு" என்பார். இருவருமே கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

100 கி.மீ. ஓட ஒரு நடுத்தர பெட்ரோல் கார் 6.5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு மின்சார காரின் திரை 15 யூனிட் என்று காட்டும். ஆனால் வீட்டு மீட்டரில் 17 ஓடியிருக்கும். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவது அந்த 2 யூனிட். இப்போது 6.5-ஐ 17-ஆல் வகுத்தால் 0.38. அதாவது, ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் 38 சதவீதத்தைத் தாண்டாத வரை மின்சார கார்தான் லாபம்.

வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு இது பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை, எளிதாக ஜெயித்துவிடுவார். பொது இடத்து ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பியிருப்பவர் கதை வேறு. அங்கே யூனிட் விலை வீட்டைவிடப் பல மடங்கு ஏறலாம். லாபம் முழுக்கக் கரைந்துபோவதும் உண்டு. அதனால் எந்த மாடல் என்று தேடுவதற்கு முன், வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பில் பெட்ரோல் கார் தோற்கிறது. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் மின்சார காரில் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் நாள்படும். அப்புறம், டயர் மட்டும் சீக்கிரம் தேயும், பேட்டரி எடை அப்படி. இன்சூரன்ஸும் பல இடங்களில் கூடுதல். பேட்டரி பயத்துக்கு வந்தால், வழக்கமான வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; அதற்குள் பேட்டரி பழுதானால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

சரி, வரி. பெட்ரோல் கார்க்காரர் பங்க்கில் நிற்கும்போதே வரி கட்டிவிடுகிறார், ஒவ்வொரு லிட்டரிலும் அது கலந்தே வருகிறது. மின்சார கார்க்காரர் அதிலிருந்து தப்புகிறார். ஆனால் சாலை போடும் பணம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? சலுகைகளுக்குக் கத்தரி விழ ஆரம்பித்துவிட்டது. நார்வேயில் 2023-ல், மின்சார கார் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மதிப்புக் கூட்டு வரி வந்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் வருடாந்திர வாகன வரி மின்சார காருக்கும் வந்துவிட்டது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே. 2024 ஏப்ரல் முதல் அங்கே மின்சார காருக்கு 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர் சாலைக் கட்டணம். 100 கி.மீ.க்கு 7.60. அங்கே பெட்ரோல் மீதான சாலை வரி லிட்டருக்குச் சுமார் 70 சென்ட். விற்பனை வரி 15 சதவீதத்தைச் சேர்த்தாலும் நம் 6.5 லிட்டர் காருக்கு 5.25 டாலருக்குள் முடிகிறது. சாலைக்கு அதிகம் கட்டுவது புகை விடாத கார்!

எட்டு, பத்து வருஷம் வைத்து ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் இன்றைய வரிவிலக்கைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்பேன். 17 யூனிட் விலையோடு இப்படி 100 கி.மீ.க்கான சாலைக் கட்டணம் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட்டு, தினமும் நிறைய ஓட்டுகிறவருக்கு அப்போதும் பெரும்பாலும் மிச்சம் நிற்கும். வாரம் ஒரு முறை வண்டியை எடுப்பவர் பழைய பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளலாம்.