திரையில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்: வீட்டு போட்டோ பிரிண்டருடன் சில வருட அனுபவம்

திரையில் பார்த்த நிறம் அப்படியே காகிதத்தில் வருமா என்று கேட்டால், வராது. கிட்ட வரும். எவ்வளவு கிட்ட வரும் என்பதில்தான் காசு, நேரம், பொறுமை எல்லாம் போகிறது.

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு ஒட்டிய அறை ஒன்றில் என் வேலை. ஆறு மை டேங்க் உள்ள ஏ4 பிரிண்டர், 24 அங்குல ஐபிஎஸ் மொனிட்டர், ஸ்பைடர் எக்ஸ் என்ற நிறம் அளக்கும் கருவி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னிருந்தே போட்டோ அச்சடித்து வருகிறேன். சாமத்தியச் சடங்கு, கல்யாணம், பிறந்தநாள் இவைதான் கூடுதல். இடையிடையே மருதமுனைக் கைத்தறிச் சாறிகளைப் படமெடுத்து அச்சிட்டுக் கொடுப்பேன். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தச் சாறிகளிடம் படித்தது. பிரிண்டரின் பெயரையும் காகிதத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அவை ஒரு கம்பனிக்கு மட்டும் உரியவை அல்ல.

"படம் கறுத்து வந்திருக்கு" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. மை சரியில்லை, பிரிண்டர் சரியில்லை என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் குற்றம் மொனிட்டரில். கடையிலிருந்து வரும்போது மொனிட்டர்கள் சதுர மீற்றருக்கு 250, 300 கேண்டெலா வெளிச்சத்தில் எரிகின்றன. அச்சுக்கான வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். கண் கூசும் திரையில் ஒரு முகத்தைப் பார்த்து "இது கொஞ்சம் பளிச்சென்று இருக்கு" என்று குறைத்துவிட்டு அச்சடித்தால், காகிதம் என்ன செய்யும்? அதற்குச் சொந்தமாக வெளிச்சம் இல்லை. அறையில் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. என் மொனிட்டரில் பிரைட்னஸ் இலக்கம் இப்போது இருபதுக்குக் கிட்ட நிற்கிறது. பழக்கமில்லாதவர் வந்து பார்த்தால் "என்ன, மொனிட்டர் பழுதா" என்று கேட்பார். இரண்டு நாளில் கண் பழகிவிடும். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலே போதும்: ஒரு வெற்றுப் போட்டோத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். காசு செலவில்லாத வேலை. என் அனுபவத்தில் பலன் கூடியதும் இதுதான்.

அறையையும் பார்க்க வேண்டும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏழு மணிக்கே அறை முழுக்க வெயில், பின்னேரம் நாலு மணிக்கு அதே அறை மங்கல். ஒரே படம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரித் தெரியும். தடித்த திரைச்சீலை போட்டேன். சுவரில் முன்பு கடல்பச்சைப் பெயின்ட் இருந்தது, ஊரில் பாதி வீடுகளில் இருக்கிற அதே பச்சை. அந்தப் பச்சை காகிதத்திலும் விழுந்து, தோலின் சிவப்பைத் தின்றது. சாம்பல் கலந்த வெள்ளை அடித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பைடர் எக்ஸ் பற்றி. 2019இல் வந்த மாடல். திரையின் முன்னே தொங்கவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அளந்து, அந்த மொனிட்டருக்கென்று ஒரு ப்ரொபைல், அதாவது நிறக் குறிப்புக் கோப்பு, செய்து தருகிறது. வெண்மை 6500 கெல்வின், நடு வெளிச்சங்களின் ஏற்ற இறக்கமான காமா 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா என்று வைத்திருக்கிறேன். முதல்முறை போட்டபோது திரை மஞ்சளடித்த மாதிரி இருந்தது. உண்மையில் அதற்கு முன்தான் நீலமடித்துக் கிடந்திருக்கிறது. கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்காவிட்டால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, மெதுவாக அளக்கும், ஆனால் நுணுக்கமாக. மாதம் ஒருமுறை அளக்கச் சொல்வார்கள். இப்போதைய எல்இடி மொனிட்டர்கள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குப் போதுமாக இருக்கிறது. ஊரில் நாலு ஸ்டூடியோக்காரர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிரலாம். வருடத்தில் பெரும்பாலான நாள் அது மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. அப்புறம், விண்டோஸில் இரவு வெளிச்சம் என்ற வசதி ஒன் ஆகியிருந்தால் திரையை மஞ்சளாக்கும். அதை நிறுத்தாமல் கருவிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இந்தக் கருவி திரையைத்தான் திருத்தும், காகிதத்தைத் தொடாது. வாங்கியவர்களில் பலர் ஏமாந்தோம் என்று நினைப்பது இங்கேதான்.

காகிதத்துக்கு வேறு ப்ரொபைல் வேண்டும். 1993இல் அடோபி, ஆப்பிள், கொடாக், மைக்ரோசொப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. ஒரு கருவியின் நிறத்தை இன்னொரு கருவிக்குப் புரியவைக்கும் கோப்புமுறை அங்கிருந்து வந்தது. பிரிண்டருக்கு ஒரு ப்ரொபைல் என்று கிடையாது. இந்தப் பிரிண்டர், இந்த மை, இந்தக் காகிதம், மூன்றும் சேர்ந்ததற்குத்தான் ஒன்று. மா மாறினால் பிட்டுக்குத் தெளிக்கும் தண்ணீரின் அளவும் மாறுமல்லவா, அதே கதை. கம்பனிக் காகிதத்துக்கு அவர்களுடைய தளத்தில் ப்ரொபைல் கிடைக்கும். நாம் வாங்கும் விலை குறைந்த 230 கிராம் பளபளப்புத் தாளுக்கு ஒன்றும் கிடைக்காது. கொழும்பில் தெரிந்த அச்சகக்காரர் ஒருவரிடம் தாளில் அச்சான நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி இருக்கிறது. நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் உள்ள தாளை இங்கே அச்சடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தபாலில் அனுப்பினேன். அவர் அளந்து ப்ரொபைலை மின்னஞ்சலில் தந்தார். சாம்பல் நிறம் அன்றைக்குத்தான் சாம்பலாக வந்தது. அதுவரை கறுப்பு வெள்ளைப் படம் எதுவும் லேசாகப் பச்சையடிக்காமல் வந்ததில்லை.

ப்ரொபைல் கிடைத்தாலும் அச்சடிக்கும் பெட்டியில் ஓர் இடறல் உண்டு. போட்டோஷொப்பில் நிறத்தை போட்டோஷொப்பே கவனிக்கட்டும் என்று ப்ரொபைலைத் தெரிவு செய்தால், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் நிறத் திருத்தம் வேண்டாம் என்று கட்டாயம் மூட வேண்டும். இல்லாவிட்டால் போட்டோஷொப் ஒருமுறை மாற்றும், டிரைவர் அதன்மேல் இன்னொருமுறை மாற்றும். முகமெல்லாம் ரோஜா நிறத்தில் வெந்தது போல வந்தால், நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். டிரைவரைப் புதுப்பித்த பிறகு இந்தத் தெரிவு சத்தமில்லாமல் பழைய நிலைக்குப் போய்விடும், கவனம்.

இனிச் சாறிக்கு வருகிறேன். மருதமுனையிலிருந்து வரும் ராணிக் கலர் (கடும் ரோஜா) சாறி, திரையில் எரிகிற மாதிரி நிற்கும். காகிதத்தில் அணைந்துவிடும். இது பிரிண்டரின் குறை இல்லை. சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டித் திரை உண்டாக்கும் சில நிறங்களை, வெள்ளைத் தாளின்மேல் மையைப் பூசி உண்டாக்க முடியாது. ஆறு மை என்றாலும் கூடுதலாக உள்ள இரண்டும் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும்தான். அவை தோலையும் வானத்தையும் மணல்மணலாகத் தெரியாமல் வழுவழுப்பாக்கும், நிறத்தின் எல்லையைப் பெரிதாக விரிக்காது. போட்டோஷொப்பின் ப்ரூப் அமைப்பில் அந்தத் தாளின் ப்ரொபைலைத் தெரிவு செய்துவிட்டு, கன்ட்ரோலோடு Y எழுத்தை அழுத்தினால் காகிதத்தில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும். ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் அச்சுக்கு எட்டாத நிறங்களைச் சாம்பலாக மூடிக் காட்டும். முதல்முறை அந்த ராணிக் கலர் சாறியில் அதைப் போட்டபோது முந்தானை முழுக்கச் சாம்பல், உடலில் மடிப்பின் மேடுகள் மட்டும் சாம்பல், மடிப்பின் பள்ளங்கள் தப்பியிருந்தன.

இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டு வழி. எட்டாத நிறத்தை மட்டும் எல்லைக்கு இழுத்து வைத்து மற்றவற்றைத் தொடாமல் விடும் முறை ஒன்று. எல்லா நிறத்தையும் சேர்த்து ஒடுக்கி, ஒன்றோடொன்று உள்ள உறவைக் காக்கும் முறை இன்னொன்று. முதலாவதில் சாறியின் மடிப்பு விவரம் மறைந்து ஒரே பூச்சாகிவிடும், ஆனால் கட்டியிருக்கும் பெண்ணின் தோல் நிறம் சரியாக இருக்கும். இரண்டாவதில் மடிப்பு தப்பும், படம் மொத்தமாகக் கொஞ்சம் சோரும். துணி மட்டும் உள்ள படத்துக்கு இரண்டாவது, ஆள் உள்ள படத்துக்கு முதலாவது. இது என் வழக்கம், சட்டமில்லை.

மயில்கழுத்து நிறம்தான் உண்மையான சோதனை. அதில் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம். துணியைச் சாய்த்தால் நீலம் பச்சையாகும், நிமிர்த்தினால் பச்சை நீலமாகும். தட்டையான காகிதத்தில் இதில் எது சரியான நிறம்? நெசவுக்காரரிடம் கேட்டேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது எது தெரிகிறதோ அதுதான் வாங்குகிற ஆளுக்கு நிறம் என்றார். அன்றிலிருந்து அந்தச் சாய்வில் நிறுத்தித்தான் படமெடுக்கிறேன். பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து வெண்மைச் சமநிலையும் அங்கேயே பிடித்துவிடுகிறேன். எடுக்கும்போது கெட்டதை அச்சில் திருத்தப் போனால் ஒரு பக்கம் திருந்தும்போது மறுபக்கம் கெடும்.

நீலம் ஊதாவாகிற தொல்லை இன்னொன்று. பழைய கல்லடிப் பாலத்தில் நின்று, பொழுதுபட்ட பிறகு வாவியை எடுத்த படம் என்னிடம் உண்டு. திரையில் ஆழ்ந்த நீலம், தாளில் கத்தரிப்பூ. நீலத்தின் சாயலைப் பச்சைப் பக்கம் சற்றே நகர்த்தி, செறிவைக் குறைத்த பிறகுதான் தண்ணீர் தண்ணீராக வந்தது. பாலத்தின் இரும்புச் சட்டங்களின் நிழலையும் திரையில் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே திறந்துவிட்டேன். தாளின் கறுப்பு திரையின் கறுப்பைப் போல ஆழமில்லை, நிழலில் உள்ள விவரம்தான் முதலில் அடைந்துபோகும்.

அச்சடித்ததை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். அச்சுத் தொழிலின் தரநிர்ணயம் 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறது. நம் வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, அதிலும் சிவப்பைச் சரியாகக் காட்டாத மலிவு பல்ப். போதாததற்கு, மலிவுப் போட்டோத் தாளில் வெண்மை கூட்டும் இரசாயனம் கலந்திருக்கும். வெயில் வெளிச்சத்தில் அது நீலமாக மினுங்கும், குண்டு பல்பில் மினுங்காது. ஒரே தாள் இரண்டு இடத்தில் இரண்டு நிறம். நான் வாடிக்கையாளரை விறாந்தை நிழலுக்குக் கூட்டிப்போய்த்தான் படத்தைக் கையில் கொடுப்பேன். துணி உள்ள வேலையென்றால் துணியும் பக்கத்தில் வர வேண்டும்.

இந்த எல்லாவற்றையும்விடக் கஷ்டம் போனோடு ஒப்பிடுகிறவர்கள். "தம்பி, போனில பிள்ளை வெள்ளையா இருக்கிறா, இதில கறுத்துப்போட்டாவே" என்றார் ஒரு அம்மா. பிள்ளையின் நிறம் தாளில்தான் சரி என்று அவருக்குச் சொல்லிப் பயனில்லை. "அம்மா, போனை ஒருக்காத் தாங்கோ" என்று வாங்கி, நிற அமைப்பை, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட்டிலிருந்து இயல்புக்கு மாற்றி, பிரைட்னஸை அரைவாசியாக்கி, தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அப்ப போன்தான் பொய் சொல்லுதா" என்று சிரித்தார். எல்லோரும் சிரிப்பதில்லை. சிலருக்குப் போன் நிறம்தான் வேண்டும். கேட்டால் வெளிச்சம் கூட்டி இன்னொரு பிரதி போட்டுக் கொடுப்பேன், வாதம் பண்ண மாட்டேன்.

பிரிண்டரின் நீண்டநாள் நடத்தை நம் காலநிலையோடு பின்னியது. கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெப்பத்துக்கு மை, அதைத் தெளிக்கும் அச்சுத் தலையிலேயே காய்ந்து துளை அடைக்கும். ஒரு துளை அடைத்தாலும் நிறம் சாயும், ப்ரொபைல் பொய்யாகும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை துளைச் சோதனைத் தாள் ஒன்று போடுவது அதற்காகத்தான். மாரியில் நேர்மாறு. தாள் ஈரத்தை உறிஞ்சி வளையும், மை காய நேரமெடுக்கும், அடித்த கையோடு பார்க்கும் நிறத்துக்கும் மறுநாள் பார்க்கும் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியும். மாரியில் அன்றே படம் வேண்டும் என்று வருபவர்களிடம் நிறத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. தாள்களை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பொதிகளோடு வைத்திருக்கிறேன்.

2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் போன காலம் பிரிண்டரை வாட்டியது. அச்சடிக்கும் நடுவில் கரண்ட் போனால் தலை தன் மூடிக்குத் திரும்பாமல் வெளியிலேயே நின்று காயும். யூபிஎஸ் அப்போதுதான் அவசியமாயிற்று. அதே வருடம் வழக்கமான தாளும் மையும் கிடைக்காமல், கிடைத்ததை வாங்கினேன். வேறு மை ஊற்றிய அன்றே பழைய ப்ரொபைல் குப்பை. அந்த மையில் அடித்துச் சுவரில் கண்ணாடி இல்லாமல் மாட்டிய படங்கள் வருடம் முடியமுன் வெளிறின. சாய மைக்கு வெயிலும் ஆகாது, காற்றிலுள்ள ஓசோனும் ஆகாது. நல்ல மை ஊற்றிக் கண்ணாடிக்குள் போட்டவை இன்றும் நன்றாக இருக்கின்றன.

பெரிய அல்பம் என்றால் லேபுக்கு அனுப்புகிறேன். அங்கே ஒளியால் பதியும் வெள்ளி உப்புப் பூச்சுத் தாள், சிக்கல் குறைவு. கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பில் கொடுக்க வேண்டும், தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று ஓடரில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மஞ்சள் கூறைச் சாறிக்குப் பயந்து இயந்திரம் முழுப் படத்தையும் நீலமாக்கிவிடும்.

சாறி வேலைக்குப் பளபளப்புத் தாளை இப்போது விட்டுவிட்டேன். துணியின் மேல் விளக்கு மினுங்குகிற மாதிரிப் பொய்த் தோற்றம் வருகிறது. அரைப் பளபளப்பில் ராணிக் கலர் கொஞ்சம் இறங்கினாலும் இழை தெரிகிறது. மினுக்கமில்லாத மேட் தாளில் அடித்துத் தா என்று நெசவுக்காரர் கேட்கிறார். அதில் கறுப்பு இன்னும் வெளிறும், கரும்பச்சைக் கரை என்ன ஆகுமோ தெரியாது. மாரி முடிந்த பிறகு அந்தத் தாளுக்கும் கட்டத் தாள் அடித்துக் கொழும்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.